கூதிர்காலப் பலகாரமும் கூட்டுக் குடும்பமும்: தீபாவளி அதிரசத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஐப்பசித் திங்களில் தமிழகக் குடும்பங்கள் கூடிச் செய்யும் தீபாவளிப் பலகாரங்கள் பெரும்பாலும் சுவை, வழிபாடு என்னும் இரு நோக்கிலேயே விளக்கப்பட்டு வருகின்றன. இக்கட்டுரை அவற்றை உழைப்பின் நோக்கில் அணுகுகிறது. ஒரு பலகாரம் ஒரே நேரத்தில் எத்தனை கைகளை வேண்டுகிறது என்பதே, அது வீட்டில் நிலைபெறுவதையும் வீட்டைவிட்டு நீங்குவதையும் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது இதன் கருத்து. அதிரசம் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. கேதார கௌரி நோன்பு, தலைதீபாவளிச் சீர், சமையல் நூல், பலகாரச் சீட்டு ஆகியன அதனோடு இயைத்துப் பார்க்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பலகாரம், அதிரசம், பதம், கூட்டுக் குடும்பம், பங்காளி, சீர், நோன்பு, கூதிர்காலம்.

முன்னுரை

பள்ளிப் பாடநூல்கள் வழியாக நம்மிடையே பரவிய ‘இலையுதிர்காலம்’ என்னும் சொல் தமிழ்நிலத்தின் பெரும்பொழுதுகள் ஆறனுள் இல்லை. இங்கு மரங்கள் இலையுதிர்ப்பது பெரும்பாலும் மாசி, பங்குனியில்தான். ஐரோப்பியர் இலையுதிர்காலம் எனக் கொள்ளும் மாதங்கள் தமிழ் மரபில் காரின் பிற்பகுதியும் கூதிருமாக அமைகின்றன. ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்பது உரையாசிரியர்கள் வகுத்த முறை. பஞ்சாங்கம் ஐப்பசி, கார்த்திகையைச் சரத் ருது என்று குறிக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலம் இது. காவிரிப் படுகையில் குறுவை அறுவடை ஏறத்தாழ முடிந்து, சம்பாப் பயிர் வயலில் நிற்கும். அகமரபில் கார், பிரிந்த தலைவன் மீள்வதாகக் குறித்துச் சென்ற பருவம். அது கடந்து கூதிரும் வந்துவிட்டால் தலைவியின் துயர் மிகும். இன்று நகரங்களிலிருந்து சொந்த ஊர் செல்லும் பேருந்துகளும் தொடர்வண்டிகளும் நிரம்பி வழிவது அதே பருவத்தில் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் நினைக்கத் தக்கது.

தீபாவளியின் தொன்மை குறித்துக் கருத்து வேறுபாடுகள் உள்ளன. கார்த்திகை விளக்கீடு அகநானூற்றிலேயே (141) இடம்பெறுகிறது. சம்பந்தரின் மயிலைப் பதிகம் ஐப்பசித் திங்களுக்கு ஓணவிழாவைச் சொல்கிறது. தீபாவளி இவற்றில் இல்லை. விசயநகர ஆட்சி தமிழகத்தில் நுழைந்த 15ஆம் நூற்றாண்டு தொடங்கியே இவ்விழா இங்கு வேரூன்றியது என்பது தொ. பரமசிவன் ‘அறியப்படாத தமிழகம்’ நூலில் முன்வைத்த கருத்து. திராவிட இயக்கம் இவ்விழாவையே ஏற்க மறுத்ததும் அறிந்ததே. இக்கட்டுரை அவ்விவாதத்துள் புகவில்லை. விழா எப்போது வந்ததாயினும், வந்தபின் அது உறவுமுறையைத் தனக்கேற்ற வகையில் பயன்படுத்திக்கொண்டது. உறவுமுறையும் விழாவை அவ்வாறே பயன்படுத்திக்கொண்டது. அந்தப் பயன்பாட்டின் வழி எண்ணெய்ச் சட்டியின் அருகே தெளிவாகத் தெரிகிறது.

இங்குக் கூட்டுக் குடும்பம் என்பது ஒரே கூரையின்கீழ் வாழும் குடும்பத்தை மட்டும் சுட்டவில்லை. பங்காளிகள், சம்பந்தி வீட்டார், தாய்மாமன் வழியினர் எனப் பலகாரம் சென்று சேரும் எல்லை முழுவதையும் அது குறிக்கிறது.

பலகாரம் என்னும் சொல்

பழவுணவு எனப் பொருள்படும் ‘பலாகாரம்’ என்னும் வடசொல்லிலிருந்து இச்சொல் வந்ததாகத் தமிழ் அகராதி மரபு கூறும். நோன்பு நாளில் சோற்றை விலக்கி உண்ட சிற்றுணவைக் குறித்த சொல், இன்று எண்ணெயில் வெந்த பண்டத்தைக் குறிக்கிறது. பட்சணம், பணியாரம், தின்பண்டம் ஆகிய சொற்களும் வட்டாரத்திற்கும் சமூகத்திற்கும் ஏற்ப வழங்குகின்றன. வினைச்சொல்லும் கவனிக்கத் தக்கது. அப்பளத்தையும் வற்றலையும் ‘பொரிக்கும்’ வழக்கு, அதிரசத்தையும் முறுக்கையும் ‘சுடுகிறது’. எண்ணெய் பெருகுவதற்கு முன் அடையும் அப்பமும் கல்லிலும் ஓட்டிலும் சுடப்பட்ட காலத்தின் எச்சமாக இவ்வினை இருக்க வாய்ப்புண்டு.

பதமும் கையும்

அதிரசத்திற்கு வேண்டிய பொருள்கள் மிகச் சில: பச்சரிசி, வெல்லம், ஏலம், சுக்கு, சுட எண்ணெய். எள்ளோ கசகசாவோ சேர்ப்பது வீட்டு வழக்கம். பொருள் இவ்வளவு எளிதாக இருந்தும், தீபாவளிப் பலகாரங்களுள் மிகுந்த அச்சத்தோடு தொடங்கப்படுவது இதுவே.

அரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்துவர். முழுதும் காயவிடுதல் கூடாது. அள்ளினால் அரிசி கையில் ஒட்டாமலும் உள்ளே ஈரம் இருக்கும்படியும் வேண்டும். இடித்துச் சலித்த மாவைக் கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும். காய்ந்த மாவு பாகைச் சீராக வாங்காது; அதிரசம் வறண்டு விரியும். மழை விடாத ஐப்பசியில் இந்த அளவான ஈரத்தைப் பெறுவதே முதல் தேர்வு. கூடத்தில் பரப்பிய அரிசியை ஒருவர் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது பாகு. வெல்லத்தைக் கரைத்து, மண் நீங்க வடிகட்டி, மீண்டும் அடுப்பேற்றுவர். கொதிக்கும் பாகில் ஒரு துளியைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு விரலால் திரட்டினால், கரையாமல் திரண்டு, எடுத்தால் மென்மையாக உருள வேண்டும். இதனை உருட்டுப் பதம் என்றும் தக்காளிப் பதம் என்றும் கூறுவர். உணவு வேதியியல் இந்நிலையை ஏறத்தாழ 112 முதல் 116 செல்சியஸ் வரையிலான வெப்பமாகக் கணக்கிடுகிறது. அப்போது பாகில் சருக்கரை சுமார் 85 விழுக்காடு இருக்கும். சற்றே மேலேறி 118ஐத் தாண்டினால் உருண்டை கடினப்படும். ஆகவே இளம் பதத்திற்கும் முற்றிய பதத்திற்கும் இடையே உள்ளவை சில பாகைகளே. விறகடுப்பில் அந்த இடைவெளி மிக விரைவில் கடந்துவிடும். இளம் பாகில் பிசைந்த அதிரசம் எண்ணெயில் பிரிந்து கரையும்; முற்றிய பாகில் பிசைந்தது கல்லாகும்.

இந்த நிலையில்தான் கைகளின் எண்ணிக்கை முக்கியமாகிறது. பதம் வந்த நொடியில் பாகை இறக்கி மாவைக் கொட்ட வேண்டும். ஒருவர் மாவைத் தூவ, இன்னொருவர் கட்டி விழாமல் கிளற, பெரிய பாத்திரமாயின் மூன்றாமவர் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவரே மூன்றையும் செய்ய முயன்றால் பாகு ஆறும் அல்லது மாவு திரளும். பிசைந்த மாவை இரண்டு மூன்று நாள் மூடிவைப்பர். அதற்குள் ஈரமும் இனிப்பும் மாவெங்கும் சமமாகப் பரவும். இனிப்பு மிகுதியால் மாவு கெடுவதில்லை. சுடும் நாளில் மீண்டும் மூவர் வேண்டும். ஒருவர் வாழையிலையில் தட்டுவார். ஒருவர் எண்ணெயைக் கவனித்துத் திருப்புவார். ஒருவர் வெந்ததை இரு தட்டைக் கரண்டிகளுக்கு இடையே வைத்து எண்ணெய் வடிய அழுத்துவார்.

பலகாரங்களை அவை எடுத்துக்கொள்ளும் மொத்த நேரத்தால் ஒப்பிடுவது வழக்கம். அதனினும் பொருத்தமான அளவுகோல், ஒரே நேரத்தில் தேவைப்படும் கைகள். தேன்குழலுக்கு நேரம் மிகும். எனினும் மாவைப் பிசைந்து, நாழியில் இட்டு, தானே பிழிந்து, தானே எடுக்க ஒருத்தியால் இயலும். நடுவில் நிறுத்தவும் இயலும். ஓமப்பொடி, ரவா லாடு, மிக்சர் ஆகியவையும் அவ்வாறே. சோமாசிக்குப் பூரணம் வைக்க ஒருவர், மடித்து ஓரம் முறுக்க ஒருவர், சுட ஒருவர் இருந்தால் நலம். இல்லையேல் மெல்லச் செய்யலாம். கைமுறுக்கு வேறு வகை. துணியின்மேல் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கொண்டு மாவைத் திருகித் திருகிச் சுற்றும் அந்தப் பண்டத்திற்குப் பல கைகள் வேண்டும். அவை பழகிய கைகளாகவும் இருக்க வேண்டும். அதிரசத்தில் நிறுத்தம் என்பதே கிடையாது.

இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கின் ஒன்று விளங்கும். குடும்பம் சிறுக்கும்போது முதலில் கைவிடப்படுபவை அதிக நேரம் கொள்ளும் பலகாரங்கள் அல்ல. ஒரே நேரத்தில் பல கை வேண்டுபவை. கைமுறுக்கு அச்சு முறுக்குக்கு இடம் விட்டது. அதிரசம் இருந்த இடத்தில் ரவா லாடும், கடையில் வாங்கிய மாவுக் கலவையால் செய்யும் குலாப் ஜாமூனும் அமர்ந்தன. சுவை மாறிற்று, தலைமுறை மாறிற்று என்று சொல்லப்படும் காரணங்களைவிட அடுக்களையில் எத்தனை பேர் நின்றனர் என்பது எளிய விளக்கம். இதை ஒப்புக்கொள்ளப் பலருக்கும் மனம் வருவதில்லை. ஏனெனில் சுவையைக் குறித்து வருந்துவது எளிது. பிரிந்த பாகங்களைக் குறித்துப் பேசுவது அரிது.

எண்ணெய்ச் சட்டி வைக்கும் வீடு

‘எண்ணெய்ச் சட்டி வைத்தல்’ என்பது வெறும் சமையல் தொடர் அன்று. பங்காளி வகையில் இறப்பு நேர்ந்த ஆண்டில் அக்குடும்பங்கள் பண்டிகை கொண்டாடுவதில்லை. எண்ணெய்ச் சட்டி வைத்தல் கூடாது என்பர். அவ்வீட்டுக் குழந்தைகளுக்காகச் சம்பந்தி வீட்டாரும் அண்டை வீட்டாரும் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பர். தீட்டு யாருக்கு, யாருக்கு இல்லை என்பதைக் கொண்டு பங்காளி எல்லை எதுவரை என்பதை ஆண்டுதோறும் ஊரறியச் செய்யும் வழக்கம் இது. சொத்து பிரிந்து, அடுப்பு பிரிந்து, பேச்சும் குறைந்த வீடுகளிலும் இந்த எல்லை மட்டும் எளிதில் அழிவதில்லை.

இந்த எல்லை அதிரசத்தோடு நேரடியாகப் பிணைவது கேதார கௌரி நோன்பில். புரட்டாசி, ஐப்பசி வளர்பிறையில் தொடங்கித் தீபாவளி அமாவாசையில் முடியும் 21 நாள் நோன்பு இது. இன்று பலர் அமாவாசை ஒரு நாள் மட்டுமே நோற்கின்றனர். 21 இழை, 21 முடிச்சு கொண்ட நோன்புக் கயிறு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், அதிரசம் ஒவ்வொன்றும் 21 என்பது வட மாவட்டங்களில் பரவலான முறை. வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பகுதிகளில் தீபாவளி என்றாலே நோன்பு என்று பொருள்படும் அளவிற்கு இது வேரூன்றியுள்ளது. நோன்பு எல்லாக் குடும்பத்திற்கும் உரியதன்று. ‘நோன்பு உள்ள குடும்பம்’, ‘நோன்பு இல்லாத குடும்பம்’ என்னும் பாகுபாடு உண்டு. அது மாமியாரிடமிருந்து மருமகளுக்கு இறங்குகிறது. நோன்பு உள்ள வீட்டிலிருந்து இல்லாத வீட்டிற்கு மணமாகிச் செல்லும் பெண்ணுக்குத் தாய்வீட்டிலிருந்து கயிறும் அதிரசமும் வரும்.

நோன்பில் அதிரசத்திற்கு மாற்று இல்லை. லட்டு 21 வைத்தல் கூடாதா என்று கேட்பவர் எவரும் இல்லை. மருமகள்கள் தனித்தனியே நோன்பெடுக்கும் வழக்கமுள்ள வீட்டில் மூவர் இருந்தால் படையலுக்கு மட்டும் 63 அதிரசம் தேவை. உறவினருக்குக் கொடுப்பது அதற்குப் புறம்பானது. இத்தனையையும் ஒருத்தி தனியே சுட இயலாது. ஆகவே ஆண்டு முழுதும் தனித்தனி அடுப்பு வைத்திருக்கும் ஓரகத்திகள் அந்த இரண்டு மூன்று நாளில் ஒரே அடுப்பைச் சுற்றி அமர்கின்றனர். பல கை வேண்டும் பண்டம் வீட்டைவிட்டு நீங்கும் என்று மேலே கூறப்பட்டதற்கு இது விலக்கு போலத் தோன்றலாம். உண்மையில் அது அக்கருத்தை உறுதிப்படுத்துகிறது. அதிரசம் தானாக வீட்டில் நிலைத்திருக்கவில்லை. சடங்கு அதற்குரிய கைகளை ஆண்டுக்கொருமுறை திரட்டித் தருவதால் நிலைத்திருக்கிறது. நோன்பு இல்லாத பகுதிகளில் அதிரசம் விரும்பினால் செய்யும் பண்டமாகவும், பின்னர்க் கடையில் வாங்கும் பண்டமாகவும் ஆனதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கோயில் மரபும் இத்தொடர்ச்சிக்குத் துணை நின்றது. திருப்பதிக் கல்வெட்டுகள் அப்பப்படி, அதிரசப்படி, சுகியன்படி என நிவேதனங்களைத் தனித்தனியே பெயர் சுட்டுகின்றன. மடைப்பள்ளியிலும் அதிரசம் பல கைகளின் பண்டமே.

செட்டிநாட்டு வீடுகள் வேறொரு சான்று தருகின்றன. அங்கு மணமான மகனை ஒரே வீட்டிற்குள் ‘வேறு வைப்பது’ நெடுங்கால வழக்கம். வளவைச் சுற்றிய அறைகள், தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஆயினும் வீடு ஒன்று. உணவில் பிரிந்தும் விழாவில் கூடியும் வாழும் முறையைக் கட்டடமாகவே அமைத்துக்கொண்ட சமூகம் அது. மாவுருண்டை, மணகோலம், சீப்புச் சீடை எனப் பல கை வேண்டும் பலகாரங்கள் அவ்வட்டாரத்தில் மிகுந்து நின்றதில் வியப்பில்லை.

தூக்குவாளியின் வழி

செய்த பலகாரம் வீட்டிலேயே தங்குவதில்லை. மணமான முதல் ஆண்டில் மகளும் மருமகனும் பெண்வீட்டிற்கு வருவது தலைதீபாவளி. அதற்கடுத்த ஆண்டுகளில் பெண்வீட்டிலிருந்து சீர் செல்கிறது. தந்தைக்குப் பின் அண்ணன், தம்பி அதனை ஏற்கின்றனர். அவர்களே பின்னர் அப்பெண்ணின் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் என்னும் தகுதியில் சீர் செய்கின்றனர். பிரமலைக் கள்ளரிடையே ஆய்வு செய்து 1957இல் நூல் வெளியிட்ட லூயி துய்மோன், தென்னிந்திய உறவுமுறையில் கொடைகள் ஒரு தலைமுறையில் முடியாமல் சம்பந்தி உறவாகத் தொடர்வதை விளக்கினார். தூக்குவாளி செல்லும் வழி அக்கருத்தின் அன்றாட வடிவம்.

இவ்வழிக்கு ஏற்றவாறே பலகாரங்கள் அமைந்துள்ளன. அடைமழைக் காலத்தில் ஊர்விட்டு ஊர் செல்லும் பண்டம் நான்கு நாளில் கெடுதல் கூடாது. எண்ணெயில் வெந்து ஈரம் நீங்கிய முறுக்கும், வெல்லப் பாகால் காக்கப்பட்ட அதிரசமும் வாரக்கணக்கில் இருக்கும். முறுக்கு நமுத்துப் போவதைத் தடுக்க மூடி இறுகிய டின் போதும். பால் சேர்ந்த இனிப்புகள் பழைய சீர்வரிசையில் அருகியே காணப்பட்டதற்குக் காரணம் சுவை அன்று, பயண நாள்.

வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பும் வழக்கம் இல்லை. தம் வீட்டுப் பலகாரத்தை, அது இல்லையேல் சிறிது சருக்கரையையாவது இட்டுத் தருவர். இதனால் ஒவ்வொரு வீட்டின் கைத்திறமும் மற்ற வீட்டினரால் சுவைத்து அளக்கப்படுகிறது. ‘அவர்கள் வீட்டு அதிரசம்’ என்னும் பேச்சு சம்பந்தம் பேசும்போதுகூட நினைவுக்கு வரும்.

சீர் என்பதை அன்பின் வெளிப்பாடாக மட்டும் விளக்குவது போதாது. பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு இல்லாத மகளுக்கு, ஆண்டுதோறும் வந்த பலகாரமும் புடவையும் அவ்வீட்டோடு அவளுக்குள்ள தொடர்பின் சான்றுகளாக இருந்தன. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தம், அந்நாளுக்கு முன் மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை அளித்தது. 2005இல் மத்தியச் சட்டம் அதனை நாடெங்கும் விரித்தது. சட்டம் வந்தபின்னும் பங்கு கேட்கத் தயங்கும் பெண்கள் பலர். பங்கு கேட்டால் சீர் நின்றுவிடும் என்னும் அச்சம் அத்தயக்கத்தில் ஒரு பகுதி. தூக்குவாளி அதிரசம் உரிமைக்கு ஈடாகவும், சில வேளைகளில் உரிமைக்குத் தடையாகவும் நின்றுள்ளது. உறவுமுறை ஆய்வுகள் சீரின் பொருளைப் பேசிய அளவிற்கு அதன் விலையைப் பேசவில்லை.

கைகளின் படிநிலை

அடுப்பைச் சுற்றிய கைகள் சமமானவையும் அல்ல. பாகு ‘பார்ப்பவர்’ பெரும்பாலும் பாட்டியோ மாமியாரோ மூத்த ஓரகத்தியோ ஆவர். இடிப்பதும் சலிப்பதும் கிளறுவதும் இளையவர்களுக்கு உரியவை. விலக்கு நாளில் இருக்கும் பெண் மாவைத் தொடக் கூடாது. அதிரசம் எண்ணெயில் பிரிந்தால் அது இளம் பாகின் குற்றம் என்பதற்குப் பதில், தீட்டுப்பட்டவர் யாரோ தொட்டுவிட்டார் என்று தேடுதல் நிகழும். பதத்தில் பிழைத்தது மூத்தவரின் கண்ணாகவும், பழி சேர்ந்தது இளையவளின் உடல்மீதாகவும் இருப்பது இதில் கவனிக்க வேண்டியது.

கைகளின் வரிசை வீட்டு எல்லையைக் கடந்தும் செல்கிறது. வசதியுள்ள வீடுகளில் உரலில் மாவு இடித்தவர்கள் கூலிக்கு வந்த பெண்கள். சட்டியருகே அவர்கள் வர இயலாது. வண்ணாரும் நாவிதரும் பிற தொழிற்குடிகளும் தீபாவளியன்று வாசலில் நின்று பலகாரம் பெற்றுச் சென்றனர். சம்பந்தி வீட்டிற்குச் சென்ற பலகாரம் பாத்திரத்தில் சென்று பலகாரத்தோடு திரும்பியது. வாசலில் கொடுத்த பலகாரம் திரும்பவில்லை, திரும்பினாலும் ஏற்கப்பட்டிராது. யாரோடு பரிமாற்றம், யாருக்குக் கொடை என்பது சாதி வரையறையே. கூட்டுக் குடும்ப விழாவின் இனிமையைப் பேசும் எழுத்துகள் வாசலுக்கு வெளியே வருவதில்லை.

எழுத்துக்கு வந்த பதம்

1951இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அருகில் சொல்லித்தர மூத்தவர் இல்லாத பெண்ணுக்கு அவ்விடத்தை ஒரு நூல் நிரப்ப முனைந்தது. படி, ஆழாக்கு, பலம் எனக் கைவழக்கில் இருந்த அளவுகள் வரிசைப்படுத்தப்பட்டன. ‘பார்’ என்னும் சொல் தலைப்பிலேயே இருப்பது பொருத்தம். பாகு பார்த்தவர்கள் செய்ததும் அதுவே.

நூல் அளவைத் தரும், வரிசையைத் தரும், பதத்திற்குப் பெயரும் அடையாளமும் தரும். தண்ணீரில் உருட்டும்போது விரலுக்குத் தெரியும் மென்மையைச் சொல்லால் ஓரளவே தர இயலும். அது பலமுறை தவறி, அருகிலிருப்பவர் ‘இன்னும் ஒரு கொதி’ என்று சொல்லக் கேட்டுப் பெறும் அறிவு. இக்குறையையும் சிலர் கடந்துள்ளனர். வெப்பமானி வைத்துப் பாகு காய்ச்சுவோர் உண்டு. எழுத்தாலும் கருவியாலும் ஈடுசெய்ய இயலாத இரண்டாவது குறை வேறு: நூல் ஒரு வாசகியை நோக்கியே பேசுகிறது. ‘மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறவும்’ என்னும் தொடரமைப்பில் எழுவாய் ஒருமை. செயலுக்கோ குறைந்தது இருவர் வேண்டும். சமையல் நூல்களின் மொழி ஒரு தனிப்பெண்ணை எழுவாயாகக் கொண்டிருப்பதும், கூட்டுக் குடும்பம் சிறுத்துத் தனிக்குடும்பம் பெருகியதும் ஒரே காலப் பகுதியில் நிகழ்ந்தவை.

உணவு மரபை ஆவணப்படுத்தும் இன்றைய முயற்சிகளும், காணொலிகள் உட்பட, செய்முறையையே பதிவு செய்கின்றன. யார் பாகு பார்த்தார், யார் கிளறினார், யார் தட்டினார், அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்பன பதிவாவதில்லை. அதிரசத்தைப் பொறுத்தவரை இவற்றைத் தவிர்த்த பதிவு பாதிப் பதிவே.

சந்தைக்குச் சென்ற கை

வீட்டில் செய்தது மறைந்து கடையில் வாங்குவது வந்துவிட்டது என்னும் வருத்தத்தில் ஒரு வரலாற்று மறதி உண்டு. பெரும்பாணாற்றுப்படையும் மதுரைக்காஞ்சியும் பாகு கூடிய அப்பத்தையும் மோதகத்தையும் காட்டும்போது, உடன் வருவோர் கூவியர்; அதாவது அப்பம் விற்போர். பாகு சேர்ந்த பண்டம் நம் பழைய இலக்கியத்தில் கடைத்தெருவோடு வருகிறது. பாகுக்கு வேண்டிய கைகள் தொழில்முறையாகத் திரண்டிருந்த இடம் அது என்று கொள்ளலாம். கூட்டுக் குடும்ப அடுக்களை அத்திரட்சியைச் சில நூற்றாண்டுகள் தானே வைத்திருந்தது. இப்போது மீண்டும் வெளியே விடுகிறது.

வெளியே சென்ற பலகாரத்தின் பெயர் மாறுகிறது. வீட்டில் அது ‘பெரியம்மா சுட்ட முறுக்கு’. சந்தையில் அது ஊர்ப்பெயர் பெறுகிறது. 2023இல் மணப்பாறை முறுக்கு புவிசார் குறியீடு பெற்றது. அதற்கு முன்பே திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் பெற்றிருந்தன. சட்டம் ஊரை உரிமையாளராக ஏற்கும். உறவுமுறையை ஏற்பதற்கு அதில் இடமில்லை.

பலகாரச் சீட்டு வேறொரு மாற்றம். தெருவில் ஒரு பெண் பொறுப்பேற்க, மற்றவர்கள் வாரந்தோறும் சிறுதொகை கட்டி, தீபாவளிக்கு இனிப்பும் காரமும், சில இடங்களில் பட்டாசும் பாத்திரமும் பெறுகின்றனர். முன்பு கையாகத் திரண்டது இங்குப் பணமாகத் திரள்கிறது; திரட்டுபவர் ஓரகத்தி அல்லர், அண்டை வீட்டார். பங்காளிகளிடையே இல்லாத நம்பிக்கை சீட்டுப் பிடிப்பவரிடம் இருப்பதும், அவர் ஏமாற்றிச் செல்லும்போது தெருவே கலங்குவதும் அடிக்கடி கேள்விப்படுபவை. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்களுள் சில பலகாரத் தயாரிப்பை மேற்கொண்டபோது, ஒரே அடுப்பைச் சுற்றிப் பல கைகள் மீண்டும் அமர்ந்தன. இம்முறை அவர்களை இணைத்தது கடன் கணக்கு. பாகு பார்த்த கைக்கும் கிளறிய கைக்கும் கூலி உண்டு என்பது கூட்டுக் குடும்பம் ஒருபோதும் அறியாத ஒன்று.

அண்மைக் காலத்தில் தீபாவளிக்குச் சில நாள் முன்பிருந்தே கடைகளில் அதிரச மாவு விற்கப்படுகிறது. பாகு சேர்த்துப் பிசைந்து பதப்படுத்திய மாவு அது. வாங்கி வந்து தட்டிச் சுட வேண்டியதுதான். ஈர அரிசி, பாகு, கிளறல் எனப் பல கைகளை ஒரே நேரத்தில் வேண்டிய பகுதி முழுதும் விலைக்கு வந்துவிட்டது. ஒருத்தியால் மெல்லச் செய்யக்கூடிய பகுதி மட்டும் வீட்டில் எஞ்சியுள்ளது. சுட்டு அடுக்கிய அதிரசமே அதே கடையில் கிடைக்கும்போதும், நோன்பு உள்ள வீட்டார் பலர் மாவை வாங்கிப் படையலுக்குரிய 21ஐயும் தம் சட்டியிலேயே சுட்டுக்கொள்கின்றனர். உறவினருக்குக் கொடுப்பவை கடையிலிருந்து பெட்டியில் வருகின்றன.